நல்லேப்பிள்ளி ராட்டினமும் ஏழாவது படமும்

பிள்ளைகளோடு தீம் பார்க்குக்குப் போகிறோம், எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுக்காமல், நீங்கள் எடுக்கிற மாதிரி சின்னச் சின்னப் பொருட்களாக எடுக்க என்ன செய்யவேண்டும் என்று போன மாதம் ஒரு வாசகி கேட்டிருந்தார். இந்த வலைப்பூவில் இதே கேள்வி வருவது நாலாவது முறை. ஒவ்வொரு முறையும் லென்ஸ், வெளிச்சம், தூரம் என்று எதையாவது எழுதித் தப்பித்துக்கொண்டேன். ஆனால் அந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு ராட்டினம்தான். இந்தத் தடவை அதையே எழுதிவிடுகிறேன். போகிறவர்களுக்குப் பயன்படும் விவரங்களும் இடையில் உண்டு.

1974 ஏப்ரல். மூணாற்றுக்குப் பக்கத்தில் பள்ளிவாசல் என்ற ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் நான் பிட்டர். இயந்திரம் ஓடினாலும் நின்றாலும் பிட்டரைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கு இயந்திரங்களைக் கண்டால் பயம், இன்றைக்கும் உண்டு. எங்கள் தொழிற்சாலையில் பயமே இல்லாத பிட்டர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்துப் பதினேழு விரல். எனக்குப் பத்தும் பத்திரமாக இருக்கின்றன. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த வருடம் ஈஸ்டரும் விஷுவும் ஒட்டி வந்தன. நாலு நாள் லீவு கிடைத்தது. முன்பு எங்களோடு பிட்டராக இருந்த சின்னச்சாமி, வேலையை விட்டுவிட்டுப் பாலக்காட்டுப் பக்கம் சொந்த ஊரான நல்லேப்பிள்ளியில் அரிசி மில் வைத்திருந்தார். மலம்புழைப் பூங்காவைப் பார்த்துவிட்டு, விஷுவுக்குத் தங்கள் ஊரில் போடும் கார்னிவலையும் பார்த்துவிட்டுப் போகலாம், குடும்பத்தோடு வாருங்கள் என்று கடிதம் போட்டிருந்தார். என் மனைவி எஸ்தர், ஆறு வயது மகள் மெர்சி, நான் என மூன்று பேரும் கிளம்பினோம். மெர்சி அதுவரை மலையை விட்டு இறங்கியதே இல்லை.

திங்கட்கிழமை காலை ஆறேகாலுக்கு மூணாற்றிலிருந்து பஸ். மறையூர், சின்னாறு வழியாக உடுமலைப்பேட்டைக்குச் சுமார் தொண்ணூறு கிலோமீட்டர். கட்டணம் பெரியவர்களுக்கு மூன்று ரூபாய் அறுபது பைசா. சின்னாறு தாண்டியதும் சாலையில் யானை நிற்கிறது என்று ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டார். இருபது நிமிடம். பஸ்ஸில் ஒருவரும் இருமக்கூட இல்லை. மெர்சி மட்டும் யானை எங்கே, யானை எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் அவள் வாயைப் பொத்திவிட்டேன். கடைசிவரை யானையை நான் பார்க்கவில்லை. உடுமலையில் பதினொன்று இருபத்தைந்துக்கு மாற்று பஸ், பொள்ளாச்சியில் சாப்பாடு, ஒன்றரைக்கு மறுபடி பஸ், கோபாலபுரம் வழியாக நல்லேப்பிள்ளியில் இறங்கும்போது மணி இரண்டு ஐம்பது. மூணாற்றில் ஸ்வெட்டரோடு ஏறியவர்கள் அங்கே இறங்கியதும் அடுப்புக்குப் பக்கத்தில் நிற்பதுபோல் தவித்துப்போனோம்.

கேமராவைப் பற்றிச் சொல்லவேண்டும். ஓய்வு பெற்ற எஸ்டேட் கிளார்க் ஒருவரிடமிருந்து வாங்கியது. மேலே ஒரு லென்ஸ், கீழே ஒரு லென்ஸ். மேல் லென்ஸ் வழியாகப் பார்க்கவேண்டும், கீழ் லென்ஸ் படம் பிடிக்கும். கேமராவை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்க்கவேண்டும். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம்தான். கிட்டத்தில் எடுக்க ஒரு பூதக்கண்ணாடி வைத்திருந்தேன். அதை முதலில் மேல் லென்ஸில் பொருத்தி, தெளிவாகத் தெரியும்வரை கேமராவை முன்னும் பின்னும் நகர்த்தி, பிறகு அதைக் கழற்றிக் கீழ் லென்ஸில் மாட்டி, அசையாமல் அமுக்கவேண்டும். ஒரு படத்துக்கு ஒரு நிமிடம் பிடிக்கும். முகங்களை எடுக்க எனக்கு ஆசையே கிடையாது. திருகாணியின் தலை, செருப்பின் வார், கிழிந்த டிக்கெட், இவைதான். வேலையில் நாள் முழுக்கச் சின்னப் பொருட்களைப் பார்த்துப் பார்த்து வந்த கிறுக்கு என்று எஸ்தர் சொல்வாள்.

செவ்வாய்க்கிழமை மலம்புழை. நல்லேப்பிள்ளியிலிருந்து பாலக்காடு போய் அங்கே பஸ் மாறவேண்டும், ஒன்றரை மணி நேரம் ஆகும். அங்கே ஆறு படம் எடுத்தேன். பூங்காக் குழாயின் வாயில் தொங்கிய சொட்டு, படகின் விளிம்பில் பெயர்ந்த பெயின்ட், பலூன்காரர் விரலில் சுற்றிய நூல், அப்படி. அணையைப் படம் எடுக்கக்கூடாது என்று பலகை இருந்தது. நான் குழாய்க்கு முன்னால் குந்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுக் காவலாளி ஒருவர் விசிலை ஊதிக்கொண்டே வந்தார். என்ன எடுக்கிறாய் என்று மலையாளத்தில் கேட்டார். குழாயைக் காட்டினேன். அவர் குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எஸ்தரைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அன்று முழுக்க எஸ்தர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அந்தப் பயணத்தில் நாங்கள் சிரித்தது அதுதான் கடைசி.

புதன்கிழமை மாலை நாலு நாற்பதுக்குக் கார்னிவலுக்குப் போனோம். சின்னச்சாமியின் வீட்டிலிருந்து வரப்பு வழியாகப் பத்து நிமிட நடை. அறுவடை முடிந்து காய்ந்து கிடந்த வயலில் கூடாரம் போட்டிருந்தார்கள். வளையம் எறிவது, பொம்மைத் துப்பாக்கி, கிணற்றுக்குள் மோட்டார் சைக்கிள் எல்லாம் இருந்தன. நடுவில் ராட்டினம். பத்துக் கூண்டுகள், டீசல் இன்ஜினில் ஓடுவது. ஆளுக்கு அரை ரூபாய். அதை ஓட்டியவர் பெயர் மாரப்பன், நாற்பது வயது இருக்கும், தோளில் கிரீஸ் படிந்த துண்டு. கேமராவைப் பார்த்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம்.

கூண்டு எப்படித் தொங்குகிறது என்று கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், பிறகு நடந்தது புரிய அது வேண்டும். இரண்டு பெரிய சக்கரங்களுக்கு நடுவில் கூண்டு. கூண்டின் இரண்டு பக்கமும் கட்டைவிரல் கனத்தில் ஒரு இரும்புத் தண்டு சக்கரத்துக்குள் போகும். தண்டு வெளியே உருவிக்கொள்ளாமல் இருக்க அதன் நுனியில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டையில் ஸ்பிளிட் பின் என்ற மெல்லிய இரட்டைக் கம்பியை நுழைத்து, இரண்டு காலையும் விரித்து மடக்கிவிடவேண்டும். அவ்வளவுதான். முழுக் கூண்டின் உயிரும் அந்தக் கம்பியில் இருக்கிறது.

மாரப்பன் ஒவ்வொரு கூண்டாக மேடைக்குக் கொண்டுவந்து ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தார். எஸ்தரும் மெர்சியும் ஏறவேண்டிய கூண்டு வந்து நின்றது. ஆறாம் நம்பர். மேடைப் படியில் ஏறி நின்றால் தண்டின் நுனி என் நெஞ்சு உயரத்துக்கு வந்தது. ஒரு நிமிடம் பொறுங்கள், இதை எடுத்துவிடுகிறேன் என்றேன். மாரப்பன் துண்டால் கூண்டின் பக்கவாட்டை வேறு துடைத்துக் கொடுத்தார். எஸ்தர் மெர்சியின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். நான் பூதக்கண்ணாடியை மேல் லென்ஸில் வைத்துக் குனிந்து பார்த்தேன். கறுப்பு கிரீஸ், அதைச் சுற்றி ஆரஞ்சு நிறத் துரு, நடுவில் தண்டின் ஓட்டையில் செருகிய ஒரு இரும்பாணியின் தலை. மேற்கு வெயில் அதன்மேல் நேராக விழுந்து தங்கம் மாதிரி மின்னியது. எவ்வளவு அழகு என்று நினைத்தேன். கண்ணாடியை மாற்றி மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினேன். அது ஏழாவது படம்.

பிறகு அவர்கள் ஏறினார்கள். குறுக்குக் கம்பியைப் பிடித்த மெர்சியின் விரல்களையும், பக்கத்தில் எஸ்தரின் கண்ணாடி வளையல்களையும் எட்டாவதாக எடுத்தேன். மாரப்பன் கொக்கியை மாட்டினார். ராட்டினம் அடுத்த கூண்டுக்காக நகர்ந்தது. நான் படியிறங்கி, பிலிமை ஒன்பதுக்குச் சுற்றிவைத்துவிட்டு, சின்னச்சாமி நின்ற இடத்துக்குப் போனேன். பத்துக் கூண்டும் நிறைந்து ராட்டினம் முழு வேகத்தில் சுற்ற ஆரம்பித்தது.

சின்னச்சாமி நிலக்கடலை வாங்கி வைத்திருந்தார். கொஞ்சம் என் கையில் கொட்டிவிட்டு, அங்கே அப்படி என்ன எடுத்தீர்கள் என்று கேட்டார். நான் சந்தோஷமாகச் சொல்ல ஆரம்பித்தேன். துருவைச் சொன்னேன், வெயிலைச் சொன்னேன், தண்டு ஓட்டையில் ஒரு ஆணி மின்னியதைச் சொன்னேன். ஆணி என்ற சொல் வாயிலிருந்து வந்தபிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

சின்னச்சாமியின் கை கடலைப் பொட்டலத்துக்குள்ளேயே நின்றுவிட்டது.

"ஸ்பிளிட் பின் இருக்கற எடத்துலயாங்ணா?"

"ஆமா."

"மடக்கி உட்டிருந்தாங்களா?"

"இல்ல. சும்மா சொருகியிருந்துச்சு."

அவர் மேலே பார்த்தார். நானும் பார்த்தேன். இதே ஆணியைத் தொழிற்சாலையில் தேயிலை உருட்டும் ரோலரில் பார்த்திருந்தால் அந்த நொடியே பெல்ட்டைத் தள்ளி இயந்திரத்தை நிறுத்தியிருப்பேன், சூப்பர்வைசரைத் திட்டியிருப்பேன், சாயங்காலம் அதைச் சொல்லிச் சொல்லி எஸ்தரையும் சலிக்கவைத்திருப்பேன். இங்கே கையில் கேமரா இருந்தது. லீவில் இருந்தேன். ஆணியின் அழகு மட்டும்தான் என் கண்ணில் பட்டது.

கூண்டு மேலே போனாலும் நிமிர்ந்தே இருக்கும். ஆனால் அந்தத் தண்டு கூண்டோடு இருப்பதல்ல, சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுவது. கூண்டு கீழே இருக்கும்போது ஆணியின் தலை மேலே இருந்தது. கூண்டு உச்சிக்குப் போனால் ஆணி தலைகீழாகிவிடும். துருவும் கிரீஸும் பிடித்துவைத்திருந்தால் சரி. இல்லாவிட்டால் உச்சிக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் அது விழலாம். விழுந்தால் தண்டு கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொள்ளும். கூண்டு எவ்வளவுக்கு ஆடுகிறதோ அவ்வளவுக்குச் சீக்கிரம் உருவும். இதையெல்லாம் நான் யோசித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பிட்டருக்கு அது யோசிக்காமலே தெரியும். எத்தனை சுற்று முடிந்தது என்று கணக்குப் போட்டேன். மூன்று. ஆறாம் நம்பர் அப்போது உச்சிக்குப் பக்கத்தில் இருந்தது. மெர்சி எங்களைப் பார்த்துவிட்டாள். எழுந்து குறுக்குக் கம்பிமேல் சாய்ந்து இரண்டு கையையும் ஆட்டினாள். கூண்டு முன்னும் பின்னும் ஆடியது.

கத்தியிருப்பேன். வாய் திறந்துவிட்டது. ஆனால் கத்தினால் அவள் இன்னும் சாய்வாள், எஸ்தர் எழுந்திருப்பாள், மற்ற கூண்டுகளில் இருப்பவர்களும் எழுந்திருப்பார்கள். எங்கள் தொழிற்சாலையில் ரோலர்கள் ஓடும் இரைச்சலில் ஒரு வார்த்தை கேட்காது, அதனால் கையால்தான் பேசுவோம். அதில் ஒரு சைகை உண்டு. இரண்டு கையையும் தலைக்குமேல் குறுக்காகப் பின்னிப் பிடித்தால், இயந்திரத்துக்குள் ஒரு ஆளின் கை இருக்கிறது, எதையும் தொடாதே, அசையாதே என்று அர்த்தம். யார் காட்டினாலும் எல்லாரும் இருந்த இடத்தில் கல்லாக நிற்கவேண்டும். கல்யாணத்துக்கு முன் எஸ்தர் நாலு வருடம் அதே தொழிற்சாலையில் தூள் சலிக்கும் அறையில் வேலை செய்தவள்.

நான் கையைத் தலைக்குமேல் பின்னிப் பிடித்தேன். பக்கத்தில் நின்றவர்கள் ஏதோ வேடிக்கை என்று சிரித்தார்கள். எஸ்தர் கூண்டு கீழே இறங்கும்போது என்னைப் பார்த்தாள். ஒரு நொடிகூட ஆகவில்லை. மெர்சியை இடுப்பில் பிடித்து இழுத்து மடியில் உட்காரவைத்து, இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு அப்படியே உறைந்துவிட்டாள். கூண்டின் ஆட்டம் நின்றது. அவர்கள் என்னைத் தாண்டிப் போனபோது எஸ்தரின் முகம் தெரிந்தது. ஏன் என்று அவளுக்குத் தெரியாது, எதற்கு என்றும் கேட்க முடியாது. நான் கையை இறக்காமலே இன்ஜின் பக்கம் நடந்தேன். ஓடினால் கூட்டம் பயப்படும் என்று ஓடவில்லை. அந்த இருபது அடி நடந்த மாதிரி வாழ்க்கையில் வேறெங்கும் நடந்ததில்லை.

மாரப்பனிடம் மெல்லிய குரலில் சொன்னேன். அவர் சிரித்தார். "ஏனுங்க, மேல இருக்கற பொம்பளைங்களே பயப்படல, கீழ நிக்கற நீங்க பயப்படறீங்க" என்றார். அதற்குள் பின்னால் வந்த சின்னச்சாமி, ஆறாம் நம்பரில் இருப்பது இவருடைய சம்சாரமும் பிள்ளையும், நாங்கள் இரண்டு பேரும் பிட்டர்கள் என்று சொன்னார். மாரப்பனின் சிரிப்பு போய்விட்டது. போன ஊரில் பின் உடைந்ததாகவும், நாளைக்கு மாற்றலாம் என்று இருந்ததாகவும் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. நாளைக்கு மாற்றலாம் என்று நானும் எத்தனையோ தடவை சொன்னவன்தான்.

இன்ஜினிலிருந்து பெல்ட்டைத் தள்ளிவிட்டார். வேகம் குறைந்தது. ஆனால் ராட்டினம் உடனே நிற்காது. நிறுத்துவதற்கு அங்கே இருந்தது காலால் அழுத்தும் ஒரு மரக்கட்டைதான். ஆறாம் நம்பர் மேடையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. மாரப்பன் கட்டையில் கால் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அழுத்திப் புடிச்சா மேடையில நிக்குமுங்க, ஆனா கூண்டு ஒரு ஆட்டு ஆடும். மெதுவா உட்டா நிக்காம இன்னொரு சுத்து மேல போயித்தான் வரும். எப்படிங்க செய்யட்டும்?"

ஆட்டினால் தண்டு உருவலாம். மேலே போனால் ஆணி விழலாம். இரண்டில் எது என்று நான் சொல்லவேண்டும். சின்னச்சாமியைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார், அது அவர் சொல்லவேண்டியது இல்லை. 

"மெதுவா" என்றேன்.

ஆறாம் நம்பர் மேடையைத் தாண்டி மறுபடி மேலே போனது. போகப்போக வேகம் குறைந்து, உச்சிக்கு வரும்போது நின்றேவிட்டதோ என்று தோன்றும் அளவுக்கு மெல்ல நகர்ந்தது. நான் கீழே தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆணி விழுந்தால் சத்தம் கேட்குமா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். துப்பாக்கிக் கடையில் பலூன் வெடித்தபோதெல்லாம் உடம்பு தூக்கிப்போட்டது. ஜெபம் செய்ததாக ஊருக்குத் திரும்பியதும் போதகரிடம் சொன்னேன். உண்மையில் ஒரு வார்த்தைகூட எனக்கு வரவில்லை.

உச்சியைத் தாண்டியது. இறங்கியது. மாரப்பன் கட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினார். மேடைக்கு வந்ததும் சின்னச்சாமி ஒரு பக்கம் கூண்டைத் தோளால் முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டார். முதலில் மெர்சியைத் தூக்கினேன், பிறகு எஸ்தர் இறங்கினாள். அவர்கள் கால் தரையில் பட்டபிறகுதான் தண்டைப் பார்த்தேன். ஆணி அரை அங்குலத்துக்குமேல் வெளியே வந்திருந்தது. இரண்டு விரலால் பிடித்தேன், இழுக்க வேண்டியதே இல்லை, கையோடு வந்துவிட்டது. மாரப்பன் அதைப் பார்த்துவிட்டு மேடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மற்றவர்களை இறக்கச் சின்னச்சாமிதான் கட்டையைப் பிடித்தார். பிறகு மில்லுக்குப் போய் ஸ்பிளிட் பின்கள் கொண்டுவந்து இருபது தண்டையும் பார்த்துச் சரிசெய்துகொடுத்தார். நான் உதவவில்லை. மெர்சியைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

ஆறு மணி வாக்கில் வரப்பு வழியாகத் திரும்பினோம். மெர்சி என் தோளில். சின்னச்சாமி முன்னால் போனார். பாதி வழியில் எஸ்தர் கேட்டாள்.

"எப்பப் பாத்தீக?"

"நீங்க மேல போனப்பறம். கீழ நின்னு பாத்தேன்."

முன்னால் போன சின்னச்சாமியின் நடை ஒரு அடி தவறியது. கீழே நின்று பார்த்தால் ஆணி தெரியாது என்பது அவருக்குத் தெரியும், நான் அதை எப்போது பார்த்தேன் என்பதும் தெரியும். அவர் திரும்பவில்லை. "பாத்து வாங்க, இங்க சேறு" என்று மட்டும் சொன்னார். அங்கே சேறே இல்லை. மறுநாள் காலையில் பஸ் ஏறினோம். கேமரா பைக்குள்ளேயே இருந்தது. வழியெல்லாம் எஸ்தர் என்னிடம் வழக்கத்தைவிட அன்பாக இருந்தாள், அது எனக்கு யானையைவிடப் பயமாக இருந்தது.

இப்போது போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். மூணாறு–உடுமலைச் சாலையில் காலையிலேயே கிளம்புங்கள், காட்டுப்பகுதியை இருட்டும் முன் தாண்டிவிடவேண்டும், யானை நின்றால் ஹாரன் அடிக்கவேண்டாம். ஏப்ரலில் பாலக்காடு பக்கம் போவதானால் மலைநாட்டுப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருங்கள், மதியம் பன்னிரண்டு முதல் மூன்று வரை வெளியே அலையவேண்டாம். கிட்டத்தில் எடுக்கும் படங்களுக்குச் சாயங்காலம் நாலரை முதல் ஐந்தரை வரை உள்ள சாய்ந்த வெயில்தான் நல்லது. துரு, பெயின்ட், ஈரம் எல்லாம் அப்போதுதான் எழுந்து நிற்கும். ஊர் ஊராக வரும் ராட்டினத்தில் பிள்ளையை ஏற்றுவதற்கு முன் தண்டின் நுனியைப் பாருங்கள். கம்பியின் இரண்டு காலும் விரிந்து மடங்கியிருக்கவேண்டும். வேறு எது இருந்தாலும் ஏற்றாதீர்கள். ஓட்டுகிறவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

வாசகி கேட்டதற்கு இதோடு பதில் முடிந்துவிட்டது. சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

மூணாறு ஸ்டுடியோவில் கொடுத்த ரோல் இரண்டு வாரம் கழித்து வந்தது. நான் ஷிப்டில் இருந்தேன். எஸ்தர்தான் வாங்கிவந்தாள். அந்த பிலிம் மும்மூன்று படமாக வெட்டித்தான் தருவார்கள். நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் ஜன்னல் பக்கம் நின்று ஒரு துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு, எட்டு, ஒன்பது. விளிம்பில் நம்பர் இருக்கும், எதை முதலில் எடுத்தேன் என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும். அது ஒன்று எனக்குத் தோன்றவே இல்லை.

"ஏழாவது ஆணி. எட்டாவது நானும் பிள்ளையும்" என்றாள். பிறகு இன்னும் கொஞ்சம் நேரம் பார்த்துவிட்டு, "ஒன்பதாவதுல ஒண்ணும் இல்ல" என்றாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பார்த்தது, அழகு என்று நினைத்தது, அவர்களைக் காக்கவைத்துவிட்டு எடுத்தது, வரப்பில் சொன்ன பொய். அவள் அழுவாள், திட்டுவாள், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போவாள் என்று ஒவ்வொன்றாக எதிர்பார்த்துப் பயந்துகொண்டு நின்றேன். ஒன்றும் செய்யவில்லை. அடுத்த வாரம் அவளே ஸ்டுடியோவுக்குப் போய் ஏழாவது படத்தைப் பெரிதாகப் போட்டுச் சட்டம் மாட்டிக் கொண்டுவந்தாள். நான் உட்கார்ந்து சாப்பிடும் இடத்துக்கு நேர் எதிரே மாட்டினாள். மூன்று வீடு மாறிவிட்டோம், ஒவ்வொரு வீட்டிலும் அது அங்கேதான் தொங்குகிறது. வருகிறவர்கள் என்ன அழகாக இருக்கிறது என்பார்கள். "அவுக எடுத்ததுதான்" என்பாள் எஸ்தர். அதற்குமேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இன்று சொல்லிவிடுவாளோ என்று ஒவ்வொரு தடவையும் எனக்குச் சோறு இறங்காது.

மெர்சிக்கு இப்போது பேரப்பிள்ளைகளே இருக்கிறார்கள். அப்பா ஆணியைக் கண்டுபிடித்துத் தன்னைக் காப்பாற்றினார் என்றுதான் அவளுக்குத் தெரியும், எல்லாரிடமும் அப்படித்தான் சொல்வாள். இதை எழுதி முடித்துவிட்டு எஸ்தருக்குப் படித்துக்காட்டினேன். முழுக்கக் கேட்டாள். இதைப் போட்டால் மெர்சியும் படித்துவிடுவாளே என்றேன்.

"அவதான் முதல்ல படிக்கணும்" என்றாள்.